இது என்ன ஈ?

ஒரு பூச்சியைக் கண்டதும் அதன் பெயரைக் கேட்பது மனித இயல்பு. பெயர் கிடைத்ததும் பூச்சியை மறந்துவிடுவதும் மனித இயல்பே. முன்னதைப் போற்றுகிறேன், பின்னதன்மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கைச் சொல்லத்தான் மலர்க் குழுவினரிடம் இடம் கேட்டேன். இலக்கியமும் அரசியலும் ததும்பும் நம் சங்க மலரில் ஈயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைக்கட்டும். ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நிற்கும் சிறப்பு தமிழில் ஈக்கு உண்டு. அந்த எழுத்துக்கே 'கொடு' என்றும் பொருள் உண்டு. மலராசிரியர் தமிழறிந்தவர், கொடுத்துவிட்டார்.

டில்லியில் மார்கழி, தை மாதத்து வெயில் எவ்வளவு அருமையானது என்பதைத் தெற்கேயிருந்து வந்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விடுதி மாணவர் அனைவரும் புல்வெளியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காலம் அது. (படிக்கிறார்களா என்பது வேறு கதை.) அந்த வேளையில் பூப்பாத்திகளின் மேலும், தோட்டக்காரர் தம் வீட்டுக் கீரைக்கென்று மதிலோரம் விதைத்திருக்கும் கடுகின் மேலும் ஒரு பூச்சி வரும். மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட உடல். விரல் நகத்தின் நீளந்தான் இருக்கும். காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். கண் இமைப்பதற்குள் ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடியும் அப்படியே நிற்கும். 'குளவி, குளவி!' என்று ஒருவர் எழுந்து ஓடுவார். இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு அடிக்கப் போவார். மூன்றாமவர் கைபேசியில் படம் பிடித்து, அது காட்டும் பெயரை உரக்கப் படித்துவிட்டு அமர்வார். இம் மூவரில் பூச்சியைப் பார்த்தவர் எவரும் இல்லை என்பதே என் வழக்கு.

பார்ப்பது என்றால் என்ன? முதலில் இறக்கையை எண்ண வேண்டும். குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள். ஈ இனத்துக்கு இரண்டே. 'டிப்டெரா' என்று விஞ்ஞானிகள் இந்த இனத்துக்கு வைத்திருக்கும் பெயருக்கே கிரேக்க மொழியில் இரட்டை இறக்கை என்றுதான் பொருள். ஆனால் எண்ணுவது சொல்வதைப் போல் எளிதன்று. குளவியின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நுண்ணிய கொக்கிகளால் இணைந்திருப்பதால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அப்போது முகத்தைப் பார்க்கலாம். குளவியின் உணர்கொம்புகள் நீண்டு வளைந்து முன்னே நிற்கும். நம் புல்வெளிப் பூச்சிக்கோ அவை குட்டையான இரண்டு குமிழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மயிர். கண்கள் தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். இடுப்பைப் பாருங்கள்: குளவிக்கு உடுக்கை இடுப்பு, இதற்கு இடுப்பே இல்லை. பொறுமை இருந்தால் இறக்கைக்குப் பின்னே பாருங்கள். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு சிறு தடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது இவை இறக்கையோடு சேர்ந்து துடித்து, உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை ஈக்கு உணர்த்துகின்றன. இவற்றை இழந்த ஈயால் நேராகப் பறக்க முடியாது. காற்றில் ஆணியடித்தது போல் நிற்கும் வித்தைக்குத் துணை இந்தக் குண்டூசிகளே.

ஆக, அது குளவியன்று, ஈ. ஈ என்றால் வாலில் கொடுக்கே கிடையாது. கடிக்கும் ஈக்களும் உண்டு; அவை வாயால் கடிப்பன. இதுவோ பூவில் தேனையும் மகரந்தத்தையும் நக்கி உண்பது. அப்படியானால் குளவியின் சட்டையை ஏன் போட்டுக்கொண்டது? குளவியிடம் ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை, மஞ்சள் கறுப்பு வரியைக் கண்டாலே ஒதுங்கிப் போகும். கொட்டாத ஈயும் அந்த அச்சத்தின் நிழலிலே பிழைத்துக்கொள்கிறது. அமேசான் காடுகளில் பட்டாம்பூச்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்பவர் 1862-இல் இத்தகைய வேடத்துக்கு விளக்கம் தந்தார். புல்வெளியில் எழுந்தோடும் நம் நண்பரும் ஒரு வகையில் அந்தப் பறவைதான்.

இந்தக் குடும்பத்துக்குச் சிர்பிடே என்று பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 6,000 வகைகள். இறக்கையின் நடுவே எந்த நரம்போடும் முறையாகச் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடும். கைவில்லை வைத்துப் பார்த்தால் தெரியும். அதைக் கண்டுவிட்டால் குடும்பம் பெரும்பாலும் உறுதி. நான் இவற்றைப் பூ ஈ என்றே எழுதுகிறேன். நம் கடுகுச் செடிக்கு வருவனவற்றுள் ஒன்றை இன்னும் நெருங்கி அடையாளம் காணலாம். அதன் வயிற்றில் ஒவ்வொரு பெரிய கறுப்புப் பட்டைக்கும் மேலே மெல்லிய இன்னொரு கறுப்புக் கோடு, முறுக்கிவிட்ட மீசையைப் போல இருக்கும். எபிசிர்பஸ் பால்டியேட்டஸ் என்று அதற்குப் பெயர். 1776-இல் டி கியர் என்ற சுவீடன் நாட்டார் விவரித்தது. ஐரோப்பாவிலும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டியிருந்தால் அது ஆண். இடைவெளி இருந்தால் பெண்.

'சரி ஐயா, மீசையை எண்ணி என்ன பயன்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சென்ற தை மாதத்தில் தோட்டக்காரர் கையில் மருந்துக் கலத்துடன் கடுகுப் பாத்தியருகே நின்றார். செடித் தண்டுகளில் சாம்பல் பூசியது போல் அசுவினி அடைந்து கிடந்தது. இங்கே அதை 'மாஹூ' என்கிறார்கள். அதோடு இலைகளில் சிறு புழுக்களும் இருந்தன. 'மாஹூவும் வந்துவிட்டது, புழுவும் வந்துவிட்டது, குளவியும் சுற்றுகிறது. மூன்றுக்கும் சேர்த்து அடிக்கப் போகிறேன்' என்றார். 'மாலிஜி, அது குளவி இல்லை, மக்கி' என்றேன். 'மதுமக்கியா?' என்று கேட்டார். என் இந்தியின் மேல் குற்றமில்லை. மொழியின் மேலும் குற்றமில்லை. இந்தியில் 'மக்கி' என்றால் ஈ. தேனீயும் அவர்களுக்கு மது மக்கிதான். நாமும் தேன் ஈ என்றுதானே சொல்கிறோம்! வடக்கும் தெற்கும் ஒன்றுபட்டு நான்கு இறக்கைப் பூச்சியை ஈ என்கின்றன. உண்மை ஈயைக் குளவி என்கின்றன. ஆங்கிலத்தாரையும் விட்டுவிட வேண்டாம். அவர்கள் தட்டானையும் பட்டாம்பூச்சியையும் மின்மினியையும்கூட 'ப்ளை' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வகையில் நாம் எவ்வளவோ தேவலை.

பேச்சால் தீராத வழக்கு. ஆகவே மாலிஜியும் நானும் செடியருகே குந்தினோம். அவர் புழு என்றது காலில்லாத, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் ஒரு பச்சை வெள்ளைப் பொருள், தலைப்பக்கம் கூர்ந்திருந்தது. சிறிது நேரம் அது ஒன்றும் செய்யவில்லை. பிறகு குருடன் கைத்தடியை வீசுவது போல் முன்னுடலை இப்படியும் அப்படியும் வீசிற்று. ஓர் அசுவினியின் மேல் பட்டது. பட்டதும் கவ்விச் செடியிலிருந்து பிய்த்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது. தூக்கியபடியே உறிஞ்சிற்று. இரண்டு மூன்று நிமிடத்தில் அசுவினியின் தோல் மட்டும் விழுந்தது. மாலிஜி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததைத் தூக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'இது அதன் குட்டியா?' என்று பறந்துகொண்டிருந்த மீசைக்காரனைக் காட்டினார். ஆம் என்றேன். மருந்துக் கலம் அன்று மதிலோரமே நின்றது.

பூ ஈயின் புழு ஒன்று வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். தாய் ஈ, அசுவினிக் கூட்டத்தைத் தேடிக் கண்டு, அதன் நடுவிலோ அருகிலோ வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். ஆகவே கடுகின் மேல் அது சுற்றுவது தற்செயலன்று. பிள்ளைக்குச் சோறு பார்க்க வந்திருக்கிறது. பூ ஈ இருந்தால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அசுவினி, ஆண் துணையின்றியே குட்டி போட்டுப் பெருகும் இனம். அது மிகுந்துவிட்ட வயலில் பூ ஈயால் ஈடு கொடுக்க முடியாமல் போவதும் உண்டு. ஆனால் எதிரி யார், துணைவன் யார் என்று பாராமல் இருவர் மேலும் நஞ்சைப் பொழிந்தால், முதலில் மீண்டு வருபவன் எதிரியே. பூத்திருக்கும் வேளையில் தெளித்தால் தேனீயும் உடன் சாகும்.

கடுகுப் பாத்தி சிறிய செய்தி என்று யாரேனும் நினைத்தால் ரொனால்டு ராஸ் கதையை நினைவூட்டுகிறேன். கொசுவும் இரட்டை இறக்கை இனமே என்பதை மறக்க வேண்டாம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறதா என்று பார்க்க அவர் 1895 முதல் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். கிடைத்த கொசுக்களெல்லாம் சாம்பல் நிறத்தனவும் வரிக் கால் கொண்டனவும். அவற்றில் கிருமி வளரவில்லை. 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் வேறு வகைக் கொசு ஒன்று அவர் கைக்கு வந்தது. இறக்கையில் புள்ளி புள்ளியாய் இருந்தது. அதன் விஞ்ஞானப் பெயர் அவருக்குத் தெரியாது. ராஸ் பூச்சி நூல் வல்லவர் அல்லர், இராணுவ மருத்துவர். 'புள்ளி இறக்கைக் கொசு' என்று தாமே ஒரு பெயர் வைத்து எழுதிக்கொண்டார். ஆகஸ்டு 20-ஆம் நாள் அந்தக் கொசுவின் இரைப்பைச் சுவரில் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு வந்தது. அனாபிலிஸ் என்ற பெயர் தெரிந்து அவர் தொடங்கவில்லை. 'இது மற்றவை போல் இல்லையே' என்று கண்டதில்தான் இருந்தது வெற்றி.

பீகாரிலும் வங்காளத்திலும் அசாமிலும் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த கருங்காய்ச்சலின் கதையும் இத்தகையதே. காலா அசார் என்பார்கள். அதைப் பரப்புவது மூன்று மில்லிமீட்டர் மணல் ஈ என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவர் 1942-இல் ஐயமற நாட்டினர். அந்த மணல் ஈக்கு நெருங்கிய உறவான ஒன்று நம் விடுதிக் குளியலறைச் சுவரில் இதய வடிவாய் ஒட்டிக் கிடக்கிறது. அது சாக்கடைச் சகதியில் வளர்வது, கடிக்காது. மணல் ஈயோ அமரும்போது இறக்கைகளை முதுகின் மேல் விரித்து உயர்த்திப் பிடிக்கும், இரத்தம் குடிக்கும். பீகாரிலிருந்து வந்த என் அறைத் தோழருக்கு இந்த வேறுபாடு பாட்டி சொல்லித் தெரியும். முதுகலை விலங்கியல் பயிலும் சிலருக்குத் தெரியவில்லை. நம் மேனிலைத் தொட்டிகளில் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் பிடிபட்டது. அந்தக் கண்டத்து நகர்களுக்கே அது புதிய அச்சமாகிவிட்டது. அங்கே யாரோ ஒருவர், வழக்கமான கொசுதானே என்று தள்ளிவிடாமல் உற்றுப் பார்த்திருக்கிறார்.

இனி, கைபேசிக்காரருக்கு ஒரு சொல். கருவியை நான் பழிக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற ஏற்பாடே கலிபோர்னியாப் பல்கலைக் கழக மாணவர் சிலர் 2008-இல் தம் முதுகலைப் பணியாகத் தொடங்கியது. மாணவர் தொடங்கியதை மாணவர் பழிக்கலாமா? என் குறை, படம் எடுக்கும் முறையைப் பற்றியது. மேலிருந்து ஒரே படம், அதுவும் கலங்கலாய். ஈ இனத்தில் இதுவரை விவரிக்கப்பட்டவை மட்டும் 1,50,000 வகைகளுக்கு மேல். அவற்றுள் பலவற்றை இறக்கை நரம்பையோ, வால் நுனி உறுப்பையோ பார்த்தாலன்றிப் பிரித்தறிய இயலாது. முகம், பக்கவாட்டு உடல், விரித்த இறக்கை, கால் இவை தெரிய நான்கு படம் எடுத்து, எந்த நாள், எந்தச் செடி, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிவைத்தால் கருவியும் நன்றாகச் சொல்லும். கருவி தடுமாறினால் அறிந்த மனிதரும் சொல்வார். 'குடும்பம் வரை தெரிகிறது, அதற்கு மேல் இந்தப் படத்தால் முடியாது' என்று அவர் சொன்னால் அதை விடையாகவே கொள்ள வேண்டும். விஞ்ஞானத்தில் அது கௌரவமான விடை. நம்மவர்களுக்கோ முழுப் பெயர் சொல்லாதவர் அறியாதவர்!

பெயர் என்றதும் நம் சங்கத்தில் ஒரு கூட்டம் தமிழ்ப் பெயர் படைக்கப் பேனாவைத் திறந்துவிடும். தொல்காப்பிய மரபியல் தும்பியை நண்டோடு நாலறிவு உயிர்களில் வைத்தது என்பதை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். பெருமைதான், ஆனால் அந்தப் பெருமையைச் சொன்னவரில் எத்தனை பேர் ஒரு தும்பியைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பர்? பெயர் படைப்பதற்கு முன் ஊரில் இருக்கும் பெயரைக் கேட்கலாம். நெல் வயலில் ஆனைக்கொம்பன் வந்துவிட்டது என்று தஞ்சை உழவர் சொல்வார். குருத்து, கதிராகாமல் வெள்ளிக் குழலாய், யானைத் தந்தம் போல் நீண்டு வெளிவரும். அதைக் கண்டு வைத்த பெயர் அது. உள்ளிருந்து அந்த வேலையைச் செய்வது கொசுவைப் போன்ற ஒரு சிறு ஈ. இரவில் பறப்பது; உழவர் கண்ணில் அரிதாகவே படுவது. சோளத்தில் குருத்து ஈ, மாவிலும் பாகலிலும் பழ ஈ என்று இன்னும் உண்டு. இவை அகராதிக் குழு கூடிச் செய்தவை அல்ல. பயிரை நாள்தோறும் பார்த்த கண் செய்தவை. பூ ஈக்கும் எங்கேனும் ஓர் ஊரில் ஒரு பெயர் இருக்கக் கூடும். இருந்தால் நான் வைத்த பெயரை மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனைக்கொம்பன் என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. தஞ்சையில் 1908-இல் பிறந்த எம். எஸ். மணி அவர்கள், செடிகளில் கழலை உண்டாக்கும் இந்தக் கொசு போன்ற ஈக்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். நம்மைப் போலவே வடக்கே வந்தவர். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஆக்ராவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், பூச்சியியலுக்கென ஒரு பள்ளியை உருவாக்கினார். மாணவரை அழைத்துக்கொண்டு இமயத்தின் பனிமுகடுகளுக்குப் போய்ப் பூச்சி தேடினார். உயர்மலைப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1962-இல் வந்தது. ஆண்டுதோறும் தாஜ்மகாலுக்குச் சுற்றுலா போகும் நம் சங்கத்தார், அக் கல்லூரி வாயிலிலும் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தலாம் என்பது என் தனிப்பட்ட விருப்பம்.

'நான் பொருளாதார மாணவன், எனக்கேன் ஈ?' என்பாரும் இருக்கிறார்கள். இந்தியாவின் பூ ஈக்களைத் தொகுத்து விவரித்த நூல் 1923-இல் வெளிவந்தது. எழுதிய என்ரிக்கோ புரூனெட்டி பல ஆண்டுகள் கல்கத்தாவில் வாழ்ந்தவர். தொழிலால் இசைக் கலைஞர். செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று ரோமப் புலவர் வர்ஜில் முதலாகப் பலர் நம்பி வந்தனர். அந்த நம்பிக்கைக்குக் காரணம், அழுகல் நீரில் வளர்ந்து தேனீயின் தோற்றத்தோடு வெளிவரும் ஒரு பூ ஈயே என்று 1890-களில் விளக்கியவர் ஆஸ்டன் சாக்கன். அவரோ ருஷ்ய நாட்டுத் தூதுத் துறை அதிகாரி. இரண்டாயிரம் ஆண்டுக் கதை, இறக்கை எண்ணிப் பார்த்ததும் கலைந்தது. இசைக் கலைஞரும் தூதரும் செய்த வேலையைப் பொருளாதார மாணவர் ஒரு மாலை நேரம் செய்தால் பொருளாதாரம் கெட்டுப் போகாது.

சங்கச் செயலாளரிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நம் படிப்பறை மேசையில் ஒரு தடித்த நோட்டும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்றும் வைக்க வேண்டும். வில்லையை நூலால் மேசைக் காலில் கட்டிவைப்பது நலம். நம் சங்கத்தின் சதுரங்கக் காய்கள் போன வழி எல்லோரும் அறிந்ததே. நோட்டில் இடப்பக்கம், கண்ட பூச்சியின் உருவமும் நாளும் இடமும் செயலும் எழுத வேண்டும். வலப்பக்கம், அவரவர் ஊரில் அதற்கு வழங்கும் பெயர். திருநெல்வேலிக்காரர் ஒன்று சொல்வார், கோயம்புத்தூர்க்காரர் ஒன்று சொல்வார், சண்டை வரட்டும். விஞ்ஞானப் பெயருக்கான இடத்தைக் கடைசியில், பென்சிலால் நிரப்பலாம். மாலிஜி இந்த ஆண்டும் மதிலோரம் கடுகு விதைத்திருக்கிறார். மாசி பிறக்கும்வரை பூ இருக்கும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு வந்தால் ஈக்களைக் காணலாம்.